மட்டையா, மணிக்கட்டா?

விழாக் காலத்திற் பழைய மாணவர் ஒன்றுகூடும்பொழுது பழைய வெற்றிகளும் பழைய தோல்விகளும் பேசப்படுதல் இயல்பு. வெற்றிகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளர்ந்து வருதலையும், தோல்விகளுக்குப் புதிய காரணங்கள் தோன்றி வருதலையும் யான் கவனித்திருக்கிறேன். சென்ற முறை இவ்வாறு கூடியபொழுது, நம் பட்மின்ரன் குழுவினர்க்கு விழா நினைவாக உயர்ந்த விலையுள்ள புதிய மட்டைகள் ஆறு வாங்கிக் கொடுத்தல் வேண்டும் என்று அன்பர் ஒருவர் பிரேரித்தார், மற்றொருவர் ஆமோதித்தார், கரகோஷமும் எழுந்தது. அன்று யான் வாய் திறவாதிருந்தேன். கொடுப்போரின் நல்லெண்ணத்தைக் குறை கூறுவது போலாகுமே என்ற அச்சந்தான் காரணம். இன்று எழுத்திற் கூறத் துணிந்தேன்.

வினா இது. ஆண்டுதோறும் புதுப்பெயர் பூண்டு சந்தைக்கு வரும் மட்டைகள் ஆடுவோனின் திறனை உண்மையிலே உயர்த்துகின்றனவா, அன்றி விற்போனின் வருவாயை மட்டும் உயர்த்துகின்றனவா? முழுவதும் விளம்பரமே என்று மூத்தோர் சிலர் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். இளைஞரோ விளம்பரத் தாளில் உள்ளதனைத்தையும் வேதவாக்கெனக் கொள்வர். இருசாராரும் பாதியளவிலே சரி என்பது என் கருத்து. எந்தப் பாதி எவர் பக்கம் உள்ளது என்பதைப் பணம் செலவிடுமுன் அறிதல் நன்று.

யான் கல்லூரிக்காக ஆடியது 1970களின் தொடக்கத்தில். என் மட்டையின் தலை மரத்தாலானது, தண்டு உருக்கினாலானது, நிறை ஏறக்குறைய 140 கிராம். ஆடி முடிந்ததும் அதனை நான்கு திருகாணிகள் பூட்டிய மரச்சட்டத்துள் இறுக்கி வைத்தல் வேண்டும். மார்கழி மழையில் ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் மட்டை அப்பளம் போல நெளிந்திருக்கும். அக்காலத்து நல்ல மட்டையின் நரம்பு, பெயரளவில் மட்டுமன்றி மெய்யாகவே விலங்கின் குடலிலிருந்து திரிக்கப்பட்டதாகும். இச்செய்தி என் அம்மம்மாவின் செவிக்கு எட்டிய நாள் முதல் அம்மட்டை வீட்டு வாயிற்படியைக் கடந்ததில்லை. மாட்டுக் கொட்டிலின் வளையிலே தொங்கிற்று. நைலோன் நரம்பு பூட்டிய பின்னரே அதற்கு வீட்டினுள் இடம் கிடைத்தது.

அத்தகைய மட்டையிற் பழகிய கை, பிற்காலத்தில் முதன்முதலாகக் காபன் நார் மட்டையைப் பற்றியபொழுது யான் அடைந்த வியப்பை இன்றும் மறந்திலேன். கையில் ஒன்றும் இல்லாதது போன்றிருந்தது. முதல் மூன்று அடிகளும் பந்தைத் தவறவிட்டன. யான் எண்ணியதற்கு முன்னரே மட்டை அவ்விடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்குத் தக்க காரணம் உண்டு. இறகுப்பந்து 16 இறகுகளை உடையது. விதிப்படி அதன் நிறை 4.74 கிராமுக்கும் 5.50 கிராமுக்கும் இடைப்பட்டது. பனங்காயை வீழ்த்தக் கனத்த பொல்லு வேண்டும். ஐந்து கிராம் இறகை விரட்டுவதற்கோ கனத்தினும் வேகமே பெரிது. மேலும், மட்டையைச் சுழற்றுவதிலுள்ள சிரமம் அதன் மொத்த நிறையை மட்டும் பொறுத்ததன்று; அந்நிறை கைப்பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அத்தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்ததாகும். ஆகவே தலைப்பகுதியிற் குறைக்கப்படும் ஒரு கிராம், கைப்பிடியிற் குறைக்கப்படும் பல கிராமுக்கு நிகராகும். மரத்தலை போய்க் காபன் நார்த் தலை வந்தபொழுது மட்டையின் நிறை 90 கிராமுக்கும் கீழே இறங்கிற்று. சட்டமும் விறைப்புற்றமையால், மரம் தாங்காத இழுவிசையில் நரம்பு பூட்டவும் இயன்றது. முதுகுக்குப் பின்னே விழும் பந்தைக் கடைசிக் கணத்தில் மணிக்கட்டினால் எதிர்க்கோட்டுக்கு அனுப்புதல் எம் காலத்திற் சிலருக்கே கைவந்த வித்தை; இன்று அது பாடசாலைச் சிறுவனுக்கும் கைகூடுகின்றது. (மணிக்கட்டு என்று நாம் கூறுவது பெரும்பாலும் முன்கையின் சுழற்சியே என்பர் உடலியலார். பழக்கம் பற்றி யானும் மணிக்கட்டு என்றே எழுதுகிறேன்.) எனவே புதியன யாவும் புரட்டு எனும் மூத்தோர் கூற்று பிழை.

ஆயினும் இம்மாற்றங்கள் எப்பொழுது நிகழ்ந்தன என்பதை நோக்குக. நம் மாணவர் நாவில் மிகுதியும் பயிலும் யொனெக்ஸ் என்னும் நிறுவனம் 1946இல் யப்பானில் மினோரு யொனெயாமா என்பவராற் தொடங்கப்பெற்றது. அன்று அது செய்தது மீன்வலைகளுக்குரிய மர மிதப்பு. பிளாஸ்ரிக் மிதப்பு வந்து அத்தொழிலை அழிக்கவே, மரமறிந்த அக்கைகள் 1957இல் பட்மின்ரன் மட்டை செய்யத் திரும்பின. ஒரு புதுப்பொருளாற் தொழிலிழந்தவர் அடுத்த புதுப்பொருளைத் தாமே முந்திக் கைக்கொள்ள முனைந்ததில் வியப்பில்லை. 1960களின் இறுதியில் அலுமினியத் தலை வந்தது. 1978இற் காபன் வந்தது. 1992இல், முட்டை வடிவை விட்டுச் சதுரத்தை நெருங்கிய தலை வந்தது; அதனாற் பந்தை நன்கு ஏற்கும் நடுவிடம் சற்றே விரிந்தது. இம்மூன்றும் மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் மூன்றாவது நிகழ்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அதன்பின் வந்தவை அளவிற் சிறியவை. மட்டையின் நீளம் 680 மில்லிமீற்றரையும் அகலம் 230 மில்லிமீற்றரையும் தாண்டலாகாது என்பது விதி. நரம்பு பின்னிய பரப்புக்கும் எல்லை உண்டு. இவ்வேலிக்குள் நின்று செய்வோர் ஆண்டுதோறும் எவ்வளவு புதுமைதான் காட்டுதல் கூடும்? மரத்திலிருந்து காபனுக்குச் சென்றபொழுது ஐம்பது கிராம் குறைந்தது. இன்று 88 கிராம் மட்டைக்கும் 83 கிராம் மட்டைக்குமுள்ள வேறுபாடு ஐந்து கிராம். வியர்வைக்காகக் கைப்பிடிமேல் இன்னொரு சுற்று நாடா சுற்றினால் அவ்வைந்தும் ஏறக்குறைய வந்து சேரும். ஐம்பது கிராமைச் சொல்லி விற்க விளம்பரம் வேண்டியதில்லை. ஐந்து கிராமைச் சொல்லி விற்கவே ‘நனோ’ என்றும் ‘ஏரோ’ என்றும் பெயர்கள் வேண்டப்பட்டன.

விளம்பரத்துக்குப் பெருந்துணையாய் நிற்பது வேகக் கணக்கு. 2013இல் மலேசியாவின் ரான் பூன் ஹியோங் அடித்த பந்தின் வேகம் மணிக்கு 493 கிலோமீற்றர் என அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 14ஆம் நாள் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 565 கிலோமீற்றர் வேகத்தில் அடித்துக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றார். எங்கே அடித்தார்? மட்டை செய்த நிறுவனத்தின் யப்பானியத் தொழிற்சாலையிலுள்ள கூடத்தில். அங்கே புள்ளியும் இல்லை, தோல்வியும் இல்லை. 2017இல் ஆட்டத்தின் நடுவே அளக்கப்பெற்றுப் புகழடைந்த டென்மார்க்கு வீரர் மட்ஸ் பீலர் கோல்டிங்கின் அடியோ 426 கிலோமீற்றர். சாத்விக்கின் ஆறடி உடலையும் தோளையும் படத்திற் கண்டோர், அத்தோள் மட்டையுடன் சேர்த்து விற்கப்படுவதில்லை என்பதை நினைவிற் கொள்க. மேலும் இவ்வேகங்கள் பந்து நரம்பை விட்டுப் பிரியும் கணத்துக்கே உரியவை. இறகுப்பந்து காற்றில் மிக விரைவில் அடங்குவது. எவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 7 மீற்றருக்கு மேல் அது வேகங்கொள்ளாது. அதனாலன்றோ மெல்ல வலையோரம் வீழ்த்தும் பந்துக்கு இவ்வாட்டத்தில் இவ்வளவு மதிப்பு.

ஒரு கருவி ஆட்டத்தை மெய்யாகவே மாற்றுமாயின் அதனை விரைவில் உணர்வோர் விதி வகுப்போரே. 1977இல் ரெனிஸ் உலகில் நரம்பை இரட்டையாகப் பூட்டிய மட்டையொன்று தோன்றிற்று. அது பந்துக்கு அளித்த சுழற்சியைக் கண்டு பெருவீரரும் தடுமாறினர். விரைவிலே தடை விதிக்கப்பட்டது. 2009இல் உரோமாபுரியில் நடந்த உலக நீச்சற் போட்டியில் 43 உலக சாதனைகள் நிலைநாட்டப்பட்டன. அடுத்த ஆண்டு முதல் அவற்றுக்குத் துணைநின்ற உடைகள் விலக்கப்பட்டன. பட்மின்ரனில் விலக்கப்பட்டவை யாவை? 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடெக் சகோதரர், தக்கையை விட்டு இறகில் அடித்து ஆட்டந் தொடங்கிய முறை ஒன்று. 2023இல், விரல்களாற் பந்தைச் சுழற்றிவிட்டுத் தொடங்கும் முறை மற்றொன்று. இரண்டும் கையின் வேலை. கடையில் வாங்கத்தக்கன அல்ல. சட்டத்தை எப்பொருளாற் செய்தல் வேண்டும் என்பது பற்றியோ விதி ஒரு சொல்லும் கூறவில்லை.

இவ்வாறு கூறுதலால், மலிந்ததே போதும் என்று யான் வாதிப்பதாக எவரும் கருதற்க. இரும்புத் தண்டும் அலுமினியத் தலையும் பொருத்திய மிக மலிந்த மட்டைக்கும், முழுவதும் காபன் நாராலான நடுத்தர விலை மட்டைக்கும் உள்ள வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டும் அறியத்தக்கது. அவ்விடம் வரை படியேறுதல் தகும். அதற்கு மேலே விலை ஏறுமளவுக்குப் பயன் ஏறுவதில்லை. உயர்ந்த விலை மட்டைகள் பலவற்றின் தண்டு விறைத்தது. விரைந்த வீச்சு வாய்க்காத இளங்கையில் அது பயன் தராது. நரம்பின் செய்தியும் இதுவே. தளர்ந்த நரம்பே பந்தைத் தொலைவுக்கு எறியும். இறுகிய நரம்பு வல்லோனுக்குக் கட்டுப்பாடு தரும். உலக வீரர் 30 இறாத்தல் இழுவிசையிற் பூட்டுகிறார் என்று கேள்வியுற்ற நம் சிறுவன் 28 இறாத்தல் கேட்கிறான். பந்து பின்கோட்டை எட்டவில்லை, முழங்கை நோகின்றது, ஆகவே மட்டை போதாது என்று முடிவு செய்கிறான். தோள் தேய்ந்த என் போன்றோர்க்கு அந்த ஐந்து கிராமும் ஓர் அருளே என்பதையும், யான் வைத்திருப்பது அத்தகைய இலேசான மட்டையே என்பதையும் ஈண்டு மறைத்தல் நேர்மையன்று.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஆடிய இரட்டையர் ஆட்டமொன்றைப் பார்த்திருந்தேன். இருவரும் திறமையுள்ளவர். ஆயினும் இருவருக்கும் நடுவே வந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் வீழ்ந்தன. இடப்பக்கத்து மாணவன் எட்டக்கூடிய பந்துகளுக்கும் கை நீட்டவில்லை. ஆட்டம் முடிந்தபின் காரணம் வினவினேன். “இரண்டு மட்டையும் முட்டினால் வெடிச்சுப்போகும் ஐயா. இன்னும் ஆறு மாதக் காசு கட்டவேணும்” என்றான். அவன் தந்தையார் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். 2022இல் நம் ரூபா வீழ்ந்த பின்னர் அம்மட்டைகளின் விலை ஐம்பதினாயிரத்தைத் தாண்டிவிட்டது. மரமட்டை பிளந்தால் பசையும் நூலுங்கொண்டு இன்னும் சில நாள் ஆடலாம். வெடித்த காபன் நாரை அவ்வாறு ஒட்டி ஆடுதல் இயலாது. மகன் குறைந்தவனாகத் தோன்றலாகாது என்று தந்தை தவணைக்கு வாங்கிக் கொடுத்த அம்மட்டையே அவனை ஆடவிடாது தடுத்தது. அதே குழுவிற் சேர்வதற்கு எண்ணியிருந்த மற்றொரு மாணவன், தன் மட்டையை ஏனையோர் பார்த்து நகைத்தனர் என்பதற்காகப் பயிற்சிக்கு வருவதையே விட்டான். இதனை அறிந்த பின்னரே யான் வாய் திறப்பதென்று தீர்மானித்தேன்.

1949இல் முதலாவது தோமஸ் கிண்ணத்தை வென்ற மலாயாவின் வீரருள் ஒருவராகிய வொங் பெங் சூன், மரமட்டை ஆண்ட காலத்தில் அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு முறை பெற்றார். 1980இல் அப்பட்டத்தை வென்ற பிரகாஷ் படுகோன் சிறுவயதில் ஆடிப் பழகியது பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாட்களில் அவருக்கு ஆட்டமில்லை. நம் மாணவர்க்கோ பரீட்சைக் காலங்களில் ஆட்டமில்லை; அவ்வளவில் நாம் அவருக்குக் குறைந்தவரல்லேம். குறைவு வேறிடத்தில் உள்ளது. போட்டிகளில் இறகுப்பந்து கொண்டு ஆடும் நம் மாணவர், பயிற்சியில் நைலோன் பந்து கொண்டே ஆடுகின்றனர். இரண்டும் பறக்கும் விதம் வேறு. பழகிய கண் போட்டி நாளில் ஏமாறுகிறது. அறுந்த நரம்பைப் பூட்டுதற்கு மட்டை நகரத்துக்குச் சென்று வர ஒரு வாரம் ஆகின்றது.

ஆகவே விழாக் குழுவினர்க்கு என் வேண்டுகோள் இது. ஆறு மட்டைகளுக்கென ஒதுக்கிய தொகையில், பன்னிரண்டு பந்து கொண்ட இறகுப்பந்துக் குழல்கள் ஓராண்டுப் பயிற்சிக்குப் போதிய அளவு வாங்கப்படட்டும். கையாற் சுழற்றும் நரம்பு பூட்டும் பொறியொன்று வாங்கி, மூத்த மாணவர் இருவரை அதிற் பழக்குதல் வேண்டும். எஞ்சிய பணத்தில் நடுத்தர விலையில் ஒரே வகையான மட்டைகள் வாங்கி, அவற்றிற் கல்லூரியின் பெயர் பொறிக்கப்படட்டும். அவை கல்லூரிக்குரியனவாகவே இருக்கட்டும். ஆட்டத்தில் வெடித்தால் மாணவன் வீட்டுக்குக் கணக்குப் போகவேண்டியதில்லை. மண்டபத்தின் மேற்குப் பக்கத்து விளக்குகள் இரண்டு பல மாதங்களாக எரியவில்லை. அவற்றின் செலவையும் இதனுள்ளே சேர்த்துக்கொள்க.