பெய்ரூட்டில் வெடித்தது! மணலியில் தூக்கம் போனது!

ரோட்டில் போகும் பெட்ரோல் டேங்கர் லாரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1203 என்று நாலு இலக்க நம்பர் எழுதியிருக்கும். டீசல் என்றால் 1202. இது லாரி நம்பர் அல்ல. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுத்த நம்பர். பாஷை தெரியாத ஊரிலும், உள்ளே என்ன சரக்கு என்று தீயணைப்புக்காரர் இதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 1942. உள்ளே இருப்பது அதுதான் என்று சொல்ல ஆள் இல்லாமல், லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் 10 பேர் உயிர் போனது.

கதவைத் திறக்கப் போனார்கள்

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி மாலை. துறைமுகத்தில் 12-வது குடோனில் தீ. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பறந்தது. 10 பேர் ஓடினார்கள். அதில் ஒருவர் முதல் உதவி செய்யும் பெண். சாதாரண தீ என்றுதான் நினைத்தார்கள். குடோன் கதவைத் திறக்கப் போராடினார்கள். 6 மணி 7 நிமிடம். 2,750 டன்னாக வந்து இறங்கிய சரக்கு வெடித்துச் சிதறியது. 10 பேரும் பலி. மொத்தம் 200 பேருக்கு மேல் செத்தார்கள். சத்தம் கடல் தாண்டி சைப்ரஸ் தீவில் கேட்டது.

சரக்கு 2013-ல் கப்பலில் வந்தது. "அப்புறப்படுத்த வேண்டும்" என்று சுங்க இலாகா கோர்ட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டது. ஆக, சுங்க இலாகாவுக்குத் தெரியும். துறைமுகத்துக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் தெரியாது.

வெடித்த பிறகு பிரான்ஸ், கிரீஸ், நெதர்லாந்து மீட்புப் படைகள் விமானத்தில் வந்து இறங்கின. துறைமுகத்தில் மிச்சம் கிடந்த விஷ ரசாயனங்களை ஜெர்மன் கம்பெனி ஒன்று 2021-ல் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. எல்லாம் காரியம் முடிந்த பிறகு!

முன்கூட்டியே உதவும் ஏற்பாடும் இருக்கிறது. உலக சுங்க அமைப்பும் இன்டர்போலும் ஐ.நா.வும் 2010-ல் தொடங்கிய 'குளோபல் ஷீல்டு' திட்டம். குண்டு செய்ய உதவும் 14 ரசாயனங்கள் நாடு விட்டு நாடு போனால் சுங்க அதிகாரிகள் தகவல் கொடுத்துக்கொள்வார்கள். கண்டுபிடிக்கப் பயிற்சியும் உண்டு. அம்மோனியம் நைட்ரேட் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மணலியில் 697 டன்

பிடிப்பது சரி, பிடித்த பிறகு? பெய்ரூட் சேதி வந்த பிறகுதான் சென்னைக்கு விஷயம் தெரிந்தது. தென்கொரியாவில் இருந்து 2015-ல் வந்து சுங்க இலாகா பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் 697 டன், 37 கண்டெய்னர்களில் மணலி கிடங்கில் கிடந்தது. 700 மீட்டரில் மணலி புதுநகர். ஜனங்கள் பதறிப்போனார்கள். "ஆபத்து இல்லை, பத்திரமாக இருக்கிறது" என்றது சுங்க இலாகா. ஆனால் ஆகஸ்டு 9-ந் தேதியே முதல் 10 கண்டெய்னர்கள் ஐதராபாத்துக்குக் கிளம்பிவிட்டன. 5 வருஷம் அசையாதது 5 நாளில் அசைந்தது!

ரசாயன, கதிர்வீச்சு விபத்துக்குப் பயிற்சி பெற்ற தேசிய பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது. சென்டிரலில் இருந்து 69 கி.மீ. அவர்கள் வந்து சேரும் வரை தீ முன்னால் நிற்கப்போவது பக்கத்து தீயணைப்பு நிலையத்துக்காரர்கள்தான். பயிற்சி முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், எந்தக் குடோனில் எந்த நம்பர் சரக்கு என்ற பட்டியல் அவர்கள் மேஜைக்குப் போக வேண்டும்.