இருபது நிமிடச் சிவப்பு அட்டை

கண்டிக்காரருக்கு ரக்பியை எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நித்தவெலயில் கண்டி விளையாட்டுக் கழகம் ஆடினாலும், 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயத்துக்காகத் திரித்துவக் கல்லூரி கொழும்பு றோயலுடன் மோதினாலும் ஊரின் பேச்சு அதுவே. ஆகவே, உலக ரக்பியில் சிவப்பு அட்டை விதி மாறுவது நமக்கும் உரிய விவாதமாகும்.

பழைய விதி எளிது. மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிடங்கள் வெளியே இருப்பார். சிவப்பு அட்டை பெற்றவர் திரும்பவே மாட்டார். அவரது அணி எஞ்சிய நேரம் முழுவதும் 14 பேருடன் ஆடும். 2025ஆம் ஆண்டின் ஆறு நாடுகள் தொடரில் வேறொரு முறை கையாளப்பட்டது. தவறிழைத்தவர் திரும்ப முடியாது. ஆனால் 20 நிமிடங்களின் பின் வேறொருவர் அவரிடத்தில் இறங்கலாம். வேண்டுமென்றே புரியும் வன்முறைக்கு மட்டும் பழைய தண்டனை நீடிக்கும்.

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது. 2023 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் முதற்பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்றார். எஞ்சிய நேரத்தை 14 பேருடன் ஆடிய அவ்வணி 11–12 எனத் தோற்றது. ஒருவர் பிழைக்கு அணி முழுவதும் இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே.

கனடாவில் வாழும் நம்மவர் அறிந்த பனிக்கட்டி ஹொக்கியிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. சிறு தவறுக்கு வெளியேற்றப்பட்டவர், எதிரணி எத்தனை கோல் அடித்தாலும், இரண்டு நிமிடங்களையும் வெளியே கழிக்க வேண்டியிருந்தது. 1955இல் மொன்றியல் வீரர் ழான் பெலிவோ அத்தகைய வேளையொன்றில் 44 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். மறு ஆண்டே விதி மாறியது: ஒரு கோல் விழுந்ததும் அவர் களம் திரும்பலாம். ஆயினும் பெருந்தவறுக்கான ஐந்து நிமிடத் தண்டனை கோல் விழுந்தாலும் குறைவதில்லை. சிறு தவறுக்குச் சலுகை, பெருந்தவறுக்கு உறுதி என்ற இப்பகுப்பு கவனத்துக்குரியது.

ரக்பியில் பெருந்தவறு எது? தலையில் விழும் அடிதான். 2003இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன், இளவயதிலேயே மறதிநோய்க்கு ஆளாகி, அவ்வெற்றியே தம் நினைவில் இல்லை என்றார். அந்த அடி வேண்டுமென்றே விழுந்ததா, தவறி விழுந்ததா என்பதை மூளை அறியாது.

தொழில்முறை ஆட்டத்தில் புதிய விதியை நான் எதிர்க்கவில்லை. அங்கே காணொளியை ஆராய்ந்து முடிவுசொல்லத் தனி அதிகாரி உண்டு, மருத்துவர் உண்டு, தவறிழைத்தவருக்குப் பின்னர் பல வாரத் தடையும் உண்டு. பெரும்பாலான பள்ளி ஆட்டங்களிலோ ஒரு மத்தியஸ்தரின் கண்ணும் சட்டைப் பையிலுள்ள அட்டையுமே காவல். வீரரின் உள்நோக்கத்தை அவர் நொடியில் அளந்துவிட முடியாது.

பெரியோர் ஆட்டத்தின் விதிகள் நாளடைவில் பள்ளி மைதானத்துக்கும் இறங்கிவருவது வழக்கம். இவ்விதி மட்டும் அங்கே வரவேண்டாம். ஆட்டமே கைநழுவும் என்ற அச்சம் இருந்தால்தான் பயிற்றுநர், இடுப்புக்குக் கீழே பிடிக்கச் சிறுவருக்குப் பழக்குவார். கேடயம் அடுத்த ஆண்டும் வரும். பதினேழு வயதுப் பிள்ளையின் தலை அப்படியன்று.