போனது திரும்பவில்லையே, ஏன்?



"டயல்-அப் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், அதை ஏம்ப்பா இப்போ கிளறுறே?" என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-இல். அன்று மோடமும் டெலிபோன் லைனும்தான் வழி. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை மூடிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய அக்சஸ் சர்வரில் வரும் ஒரு பழுது நமக்கு நல்ல வாத்தியார் என்பது என் கருத்து.

அது என்ன பழுது? லைன் கிடைக்கும். பாஸ்வேர்டு ஏற்கப்படும். பி.பி.பி. இணைப்பு உருவாகி ஐ.பி. முகவரியும் வந்துவிடும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. மோடத்தில் அனுப்பும் விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். பெறும் விளக்கு சும்மா கிடக்கும். பாக்கெட் போகிறது, பதில் வரவில்லை.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம், ரீஸ்டார்ட் செய்கிறோம், மோடத்தை மாற்றுகிறோம். கொஞ்சம் யோசியுங்கள். முகவரி கேட்டு வாங்குவதற்கே இரு பக்கமும் தகவல் போய் வந்திருக்க வேண்டுமே! அப்படியானால் கேபிள் மேல் என்ன குற்றம்?

நம் ஆய்வகத்தில் டெலிபோன் லைனுக்குப் பதிலாக நல்-மோடம் கேபிள் போட்டு, இரண்டு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதைச் செய்து பார்த்தோம். சர்வரின் முகவரி 192.168.10.1. டயல் செய்த கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது 192.168.10.50. அங்கிருந்து சர்வரைப் பிங் செய்தால் பதில் வருகிறது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் 192.168.10.20-ஐப் பிங் செய்தால் பதில் இல்லை.

மைக் மூஸ் 1983-இல் எழுதிய பிங் அருமையான கருவி. ஆனால் பதில் வராதபோது, பாக்கெட் போகவே இல்லையா, போய்த் திரும்பவில்லையா என்பதை அது சொல்லாது. நடுவில் நின்று பார்க்க வேண்டும். சர்வரின் ஈதர்நெட் பக்கம் டி.சி.பி.டம்ப் ஓட்டினோம். கேள்வி சரியாக வெளியே போகிறது. உடனே 20-ஆம் எண் கம்ப்யூட்டர், "50 யாரு? உன் ஹார்டுவேர் முகவரி என்ன?" என்று ஏ.ஆர்.பி. மூலம் கத்திக்கொண்டே இருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை!

காரணம் இதுதான். சப்நெட் மாஸ்க்கைப் பார்த்து, 50 என்பது தன் பக்கத்து வீடு என்று 20 நினைக்கிறது. உண்மையில் 50 இருப்பது சர்வருக்கு அந்தப் பக்கம். அவனுக்காகச் சர்வர்தான் "என்னிடம் கொடு, நான் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ப்ராக்ஸி ஏ.ஆர்.பி. பி.பி.பி. அமைப்பில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் பதில் வந்துவிட்டது.

டயல்-அப் முகவரிகள் 192.168.30 என்று தனி நெட்வொர்க்காக இருந்தால் வைத்தியம் வேறு. "30-க்குப் போக வேண்டியதை 10.1-இடம் கொடு" என்று மெயின் ரவுட்டரில் ஒரு ரூட் எழுத வேண்டும். இரண்டு அக்சஸ் சர்வர்கள் இருந்தால், பழைய ரூட் அழியாமல் நின்று, பதில் தப்பான சர்வருக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்றைய வி.பி.என்.-இலும் இதே பழுது இதே மாதிரி வருகிறது. எனவே இது தாத்தா காலத்துப் பாடம் மட்டுமல்ல.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். செய்முறைத் தேர்வில் அவுட்புட் வந்தால் மார்க், வராவிட்டால் கிடையாது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவனுக்கும் அவுட்புட் வந்துவிடுகிறது. ஏன் வரவில்லை என்று தேடத் தெரிந்தவனுக்கு என்ன மரியாதை? ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு சோதனைகளிலாவது ஆசிரியர்களே ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். எதைச் சோதித்தோம், எதை ஒதுக்கினோம், ஏன் ஒதுக்கினோம் என்று நாம் எழுத வேண்டும். அதற்கு மார்க் தர வேண்டும். நம் மாணவர் சங்கம் இதைத் துறைத்தலைவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போய், ராத்திரி நேரத்தில் ஒரு சர்வர் முன்னால் தனியாக நின்றால், எனக்குத் துணைக்கு வரப்போவது மனப்பாடம் செய்த விடை அல்ல, தேடும் முறைதான். என்னைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர். எங்களுக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை பதில் வராதபோது ரீஸ்டார்ட் பட்டனுக்குக் கை போகும் முன், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: திரும்பி வரும் வழியைப் பார்த்தோமா?