கணக்குக் காட்டும் கதைகள்



2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் பிற்பகல். ரேணிகுண்டாவில் நாம் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் அண்டை அயலார் எல்லோரும் கூடி நின்றோம். மணி 2.35 ஆகிச் சற்று நேரத்திற்கெல்லாம் கீழ்வானில் ஒரு சுடர் எழுந்து மேகத்துள் மறைந்தது. சந்திரயான்-3 புறப்பட்டுவிட்டது! அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் என்பதால், நம் போன்ற ரயில்வே குடும்பத்தாருக்கு அந்த மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று.

அவ்வேளையில் நம் மகள் கேட்டாள்: "அப்பா, ராக்கெட்டை ஏன் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்? நம் ஊரிலிருந்தே விட்டால் என்ன?"

நமக்கு விடை தெரியவில்லை. "போய்ப் பாடத்தைப் படி" என்று அதட்டிவிட்டோம். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் அக்குழந்தை, தமிழில் கேட்ட கேள்விக்கு வீட்டில் கிடைத்த விடை அதட்டல்தான். அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை.

சில திங்கள் கழித்துச் சென்னையில் பழைய புத்தகக் கடை ஒன்றில், பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய சந்திர யாத்திரை நாவலின் ஆங்கிலப் பெயர்ப்பு கிடைத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம்; அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படித்தோம். அக்கதையில் பீரங்கிக் குண்டுக்குள் அமர்ந்து மூவர் சந்திரனை நோக்கிப் புறப்படுகின்றனர். எங்கிருந்து சுடுவது என்ற கேள்விக்கு, வானாராய்ச்சி நிலையத்தார் விடை எழுதி அனுப்புகின்றனர். சந்திரன் தலைக்கு நேரே வரவேண்டுமாயின், பூமத்திய ரேகையிலிருந்து 28 பாகைக்குள் அமைந்த இடமே வேண்டும். ஆகவே அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 1969இல் மெய்யாகவே சந்திரனுக்குச் சென்ற மூவரும் புளோரிடாவிலிருந்துதான் புறப்பட்டனர்!

பார்சல் ஆபீசில் எடையும் தூரமும் கட்டணமும் கூட்டிப் பார்ப்பதே நம் தொழில். எனவே இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மகளின் பூகோளப் புத்தகத்தைத் திறந்தோம். ரேணிகுண்டாவும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13½ பாகையை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஆகவே வெர்ன் கூறும் காரணம் நம் ஊருக்கும் பொருந்தும். குழந்தையின் கேள்வியோ அப்படியே நின்றது. மேலும் தேடிய பிறகே விளங்கிற்று. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நம் பகுதியில் அச்சுழற்சியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் ராக்கெட்டுக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. எரிந்து கழியும் பகுதிகள் விழுவதற்கு ஸ்ரீஹரிகோட்டாவின் கிழக்கே வங்கக் கடல் இருக்கிறது. ரேணிகுண்டாவிலிருந்து ஏவினாலோ, அவை ஊர்களின் மீதன்றோ விழும்!

அன்று முதல் இவ்வகை நாவல்களைத் தேடிப் படிக்கலானோம். 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து 2008இல் மறைந்த ஆர்தர் கிளார்க், 1979இல் ஒரு நாவல் வெளியிட்டார். சிவனொளிபாத மலையை ஒத்த மலையொன்றின் உச்சியிலிருந்து வானுக்கு ஏறிச் செல்லும் வண்டிப் பாதை அமைக்கும் எஞ்சினீயரின் கதை அது. ஒரே வேகத்தில் இணையாக ஓடும் இரு ரயில்களில், ஒன்றிலிருந்து பார்ப்பவனுக்கு மற்றது அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் அன்றோ? அதுபோலவே, பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமி சுழலும் திசையிலேயே சுற்றும் செயற்கைக்கோள், ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அவ்வுயரத்திலிருந்து இறக்கும் கம்பியே பாதை. ஆனால் இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே! ஆசிரியர் கதைக்காகத் தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். நகர்த்தியதை நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். கணக்கில் திருத்தம் செய்தவன் பக்கத்தில் கையொப்பமிடுவது போன்ற நேர்மை இது. நம் வீட்டு மாடிகளில் டெலிவிஷன் தட்டுகள் யாவும் தெற்கும் தென்கிழக்குமாய்ப் பார்த்து நிற்பதன் காரணமும் இந்நாவலைப் படித்த பின்பே நமக்குப் புலனாயிற்று.

அமெரிக்கரான ஆண்டி வெயர் எழுதிய செவ்வாய்க் கிரக நாவல் இன்னும் சுவையானது. தன்னந்தனியே விடப்பட்ட ஒருவன், ஹைட்ரஸீன் என்னும் எரிபொருளைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை எரித்துத் தண்ணீர் உண்டாக்கி உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். எத்தனை கிழங்கு எத்தனை நாளைக்கு என்பதற்குப் பக்கம் பக்கமாய்க் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் இதை முதலில் அத்தியாயம் அத்தியாயமாகத் தம் வலைத்தளத்தில் இலவசமாக வெளியிட்டார். விவரம் அறிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டி எழுத, அவற்றைத் திருத்திக்கொண்டார். பதிப்பகத்தின் வழியே 2014இல் நூலாக வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

தமிழில் இவ்வழிக்குக் கால்கோள் இட்டவர்களுள் சுஜாதா முக்கியமானவர். அவரும் நம்மைப்போல் வெளிமாநிலத்தில் வாழ்ந்த தமிழரே. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயராகப் பணியாற்றியவர். 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை நம் இல்லங்களில் அறியாதார் குறைவு. ஆயினும் ஒவ்வோர் எண்ணையும் ஆராய்ந்து, வாசகன் சரிபார்க்கும் வண்ணம் எழுதப்பட்ட நாவல்கள் தமிழில் இன்னும் பல வேண்டும். ஆங்கிலம் அறிந்த அன்பர்கள், தாம் படித்ததை வீட்டில் தமிழில் சொல்வது அதற்கு முதற்படியாகும்.

செவ்வாய்க் கதையை ஞாயிறுதோறும் நாம் மகளுக்குச் சொல்லி வந்தோம். தொடக்கத்திலேயே ஒரு பெரும்புயல் விண்கலத்தைச் சாய்க்கப் பார்க்கிறது. அவள் இடைமறித்தாள்: "அப்பா, செவ்வாயில் காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையே. அது எப்படி அவ்வளவு பெரிய கலத்தைச் சாய்க்கும்?"

இம்முறை நாம் அதட்டவில்லை. "தெரியாது அம்மா, இருவரும் பார்ப்போம்" என்றோம். பார்த்தோம். அவள் கூறியதே சரி. கதையின் வேகத்துக்காக அறிந்தே அப்படி எழுதியதாக ஆசிரியரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்!

உலகமெலாம் படித்த நூலில் நம் வீட்டுப் பெண் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள்; அதையும் தமிழில் பேசியே கண்டுபிடித்தாள். நேயர்களே, உங்கள் இல்லத்திலும் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்லக் கூசாதீர்கள். அன்று மாடியில் நாம் அதைச் சொல்லியிருந்தால், சில திங்கள் முன்னதாகவே புத்தகத்தைத் திறந்திருப்போம்.