பிட்டும் தேங்காய்ப்பூவும் மேடையில் மட்டும்தானா?



பாடசாலை விடுமுறை கிட்ட வந்துவிட்டது. வட்ஸ்அப் குழுமங்களில் ட்ரிப் கதை தொடங்கியாயிற்று. நுவரெலியா, எல்ல, காலிமுகத்திடல். வேன் வாடகை எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு விழும் என்று கணக்கு ஓடுகிறது. போகட்டும். பிள்ளைகளுக்கு மலையும் குளிரும் பார்க்க ஆசை இருக்கும்தானே. ஆனால் கல்முனையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றரில் இருக்கிறது மட்டக்களப்புக் கோட்டை. அதற்குள்ளே போய்ப் பார்த்த பிள்ளைகள் யார் என்று வகுப்பில் கேட்டால் இரண்டு மூன்று கைகள்தான் உயரும். "பெரியாஸ்பத்திரிக்குப் போகக்குள்ள தூரத்தில கண்டன் சேர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வேன் இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை. சுபஹு தொழுதுவிட்டு, குடும்பத்தோடு ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய், அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர் ஆட்களோடு கதைத்து, மஃரிபுக்கு முதல் வீடு வந்து சேருவது. எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறோம். சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "அங்க என்ன சேர் இருக்கு?"

என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். பத்து வருடத்தில், 1638இல், இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதலாவது கோட்டை இதுதான். இந்தளவுக்குப் பாடமாக்கிய பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் கோட்டை கட்டுவதற்கு இரண்டு வருடம் முந்தி, 1626இல், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதை எழுதி வைத்தவர் நம்மவர் அல்ல, குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். அதற்கு முந்தியும் முஸ்லிம்கள் இங்கே இருந்தார்கள் என்பது வேறு கதை. அந்த மதில் பக்கத்தில் நிறுத்தி வைத்து, "மகன், இந்தக் கல்லு இங்க வாறதுக்கு முதலே நம்மட ஆக்கள் இங்க வந்திட்டாங்க" என்று சொன்னால் பிள்ளையின் முகம் மாறும். பார்த்திருக்கிறோம். "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்" என்று யாரும் கேட்கக்கூடிய இந்த நாட்டில், அந்தப் பதிலை ஒரு பிள்ளை கையால் தொட்டுப் பார்ப்பது சின்ன விஷயமா?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சண்டையே அங்கேதான்.

நம்மட ஆட்கள் ட்ரிப் போனால் வீட்டிலிருந்தே சட்டியோடு புரியாணி போகும். ஒரு மரத்தடியில் பாயை விரித்து, நம்மட சோற்றை நாமே தின்று, சொப்பிங் பேக்கையும் போத்தலையும் அங்கேயே போட்டுவிட்டு வருவோம். போன ஊரில் ஒரு தேத்தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டோம். அந்த ஊரானுக்கு நம்மால் கிடைத்தது குப்பை மட்டும்தான். ஹலால் பிரச்சினை என்பார்கள். பேணுதலாக இருப்பது நல்லது, அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தோசை, வடை, பிட்டு, சட்டித் தயிர், பனங்கட்டி, அவித்த கச்சான், இளநீர் இதெல்லாம் எப்போது பிரச்சினையானது? போன வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு சைவக் கடைக்குப் போனோம். எங்கள் பெண்களின் பர்தாவைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து வந்து மேசையைத் துடைத்துவிட்டு, "ஐயா, இஞ்ச மச்சம் ஒண்டும் இல்ல, பயமில்லாமச் சாப்பிடுங்க" என்றார். நாங்கள் கேட்கவேயில்லை. கைகழுவ எழும்பியபோது பிள்ளைகளுக்கு இரண்டு உழுந்து வடை கூடுதலாக வந்திருந்தது, பில்லில் அது இல்லை.

தயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தயிர் என்றால் கொழும்பிலும் பெயர். அந்தச் சட்டி எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எவ்வளவு அழகான இரண்டு பெயர்கள் பாருங்கள். படுவான்கரையின் வயலும் மேய்ச்சல் தரையும்தான் அந்த எருமைப் பாலின் ஊற்று. எருமை வளர்க்கிறவர் ஓர் ஊர், சட்டி வனைகிறவர் ஓர் ஊர், ரோட்டோரம் வைத்து விற்கிறவர் இன்னோர் ஊர். தமிழரும் முஸ்லிமும் கலந்து நிற்காமல் அந்தச் சட்டி நம் மேசைக்கு வந்து சேராது. சமூகக்கல்விப் பாடம் வேண்டுமென்றால் ஒரு சட்டித் தயிரை வாங்கி வைத்துக்கொண்டு நடத்தலாம்.

இங்கேதான் அந்தப் பழைய வசனம் வருகிறது. கிழக்கில் தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல. தேர்தல் மேடையில் கேட்டிருக்கிறோம், நல்லிணக்கக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், பரிசளிப்பு விழாவில் கேட்டிருக்கிறோம். குழலுக்குள் ஒரு அடுக்கு மா, ஒரு அடுக்கு பூ. உவமை நல்லதுதான். ஆனால் ஒருவர் ஊரில் மற்றவர் ஒரு கோப்பை பிட்டுச் சாப்பிட்டு எத்தனை வருடம் என்று கேட்டால் மேடையில் பதில் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் ஒளிக்காமல் பேசுவோம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போகும் பாதையில் ஊர்கள் மாறி மாறி வரும். மருதமுனை, பெரியநீலாவணை, களுவாஞ்சிகுடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி. நம்மில் மூத்தவர்கள் பலர் குருக்கள்மடம் வந்தால் இன்றும் வாய்க்குள் எதையாவது ஓதுவார்கள். 1990 ஜூலையில் அங்கே வழிமறித்துக் கொல்லப்பட்டவர்களை அவர்கள் மறக்கவில்லை. அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிகளில் இஷாத் தொழுகையில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஏறாவூரிலும் அதே மாதம். அதே வருடம் நம் பக்கத்து வீரமுனையிலும், மட்டக்களப்புக்கு வடக்கே சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்ட தமிழர்களின் குடும்பங்களும் இந்தப் பாதையில்தான் பஸ் ஏறுகின்றன. அவர்களும் நம் ஊர் ஒன்றைக் கடக்கும்போது எதையோ முணுமுணுப்பார்கள். பிறகு 2019 வந்தது. அதற்குப் பிறகு காத்தான்குடி என்ற பெயரைக் கேட்டாலே வேறு மாதிரிப் பார்க்கிறவர்கள் கூடினார்கள்.

சத்துருக்கொண்டானுக்கு இன்னொரு கதையும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் பஸ்ஸில் ஏறி ஊர்ப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போங்கள். திமிலருக்கும் முக்குவருக்கும் சண்டை வந்து, முக்குவருக்குப் பட்டாணி முஸ்லிம்கள் துணை நின்றார்களாம். சத்துருவைப் பிடித்த இடம் சத்துருக்கொண்டான், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, காவலிருந்தவர்கள் குடியேறிய இடம் ஏறாவூர். இது கல்வெட்டு அல்ல, வாய்வழிக் கதை. ஆனால் இரண்டு சமூகமும் சொல்கிற ஒரே கதை. நம் தாய்வழிக் குடிமுறையும் அப்படித்தான். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசலில் மரைக்காயர், கோயிலில் வண்ணக்கர். இதைப் புத்தகத்தில் தேடுவதைவிட ஆரையம்பதிக் கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டால் அரைமணியில் விளங்கும்.

காத்தான்குடியில் 2015இல் திறந்த பூர்வீக நூதனசாலை இருக்கிறது. முஸ்லிம்களின் பழைய வாழ்க்கை முறையை அங்கே பார்க்கலாம். நம் ஆட்கள் பலர் நடுரோட்டுப் பேரீச்ச மரத்தடியில் செல்பி எடுத்துவிட்டு, புடைவைக் கடைக்குள் புகுந்துவிடுகிறார்கள். மஸ்கட்டும் தொதலும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு சேர்த்து நூதனசாலைக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். திரும்பும் வழியில் மருதமுனையில் இறங்கித் தறிச் சத்தம் கேட்கும் வீடொன்றைத் தேடிப் போய்ச் சாரன் நெய்வதைப் பார்க்கலாம். சுனாமியில் தறியை இழந்து மறுபடி தொடங்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நெய்தவர் கையிலிருந்தே ஒரு சாரன் வாங்கினால் வாப்பாவுக்குப் பெருநாள் உடுப்பும் ஆயிற்று.

பெண்கள் வரலாமா என்று கேட்கிறார்கள். வரவேண்டும். தொழவும் வுழூ எடுக்கவும் வசதியான இடத்தில் லுஹர் நேரத்தை வைத்தால் பிரச்சினையில்லை, காத்தான்குடியில் அதற்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆவோடு பாதிநாள் போய்விடும். முதியவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மூத்தம்மா ஒருவர் பஸ் ஜன்னலால் கைகாட்டி, "இந்த வளவுலதான் எங்கட வாப்பா நெல்லு வாங்க வாற" என்று சொல்வதை எந்த வழிகாட்டியும் சொல்லமாட்டான். ஆனால் அவர்கள் இன்னும் எத்தனை வருடம் சொல்லப் போகிறார்கள்?

ஒருவர் கேட்டார், நாம் போனால் அவர்களும் நம் ஊருக்கு வருவார்களா என்று. கோட்டைக்குப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் இருவரோடு பேசியிருக்கிறோம். பிள்ளைகளை ஒருநாள் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் எந்த வீட்டில் இறக்குவது, யார் சமைப்பது, சைவம் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குத் தனிச்சட்டி எங்கே எடுப்பது என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். மாட்டிறைச்சிச் சட்டியைக் கழுவிக் கொடுத்து ஒப்பேற்றுகிற வேலை கூடாது. நமக்கு ஹலால் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

விடுமுறையின் முதலாவது சனிக்கிழமை அடுத்த பயணம். காலை கோட்டை, பகல் காத்தான்குடி, பின்னேரம் மருதமுனை. வருகிறவர்கள் வியாழனுக்கு முதல் கீழே பெயரைப் போடுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் போதும். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு யாரும் வரவேண்டாம்.