செக் போலி, தண்டம் யாருக்கு?

சரக்கு போய்விட்டது. செக் திரும்பி வந்துவிட்டது. விசாரித்தால், அது போலி அச்சு!

2021 ஜனவரி 1 முதல் "பாசிட்டிவ் பே" என்ற முறை இருக்கிறது. 50 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் செக் எழுதுகிறவர், விரும்பினால், தேதி, தொகை விவரத்தைத் தன் பேங்குக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பொருந்தாத செக் திரும்பிவிடும். கணக்குக்காரர் தப்பினார், பேங்கும் தப்பியது. சரக்கு கொடுத்தவர் கதி? போதாக்குறைக்கு அவரிடமே "ரிட்டர்ன் சார்ஜ்" பிடித்தால் எப்படி? வாடிக்கையாளர் மேல் தப்பு இருந்தால்தான் அந்தக் கட்டணம் என்பது ரிசர்வ் பேங்க் விதி. ஏமாந்தவர் என்னய்யா தப்பு செய்தார்? பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதே நியாயம்!

வியாபாரிகளே! பணம் வரவானது தெரியும்வரை சரக்கை விடாதீர்கள். திரும்பிய செக்கையும் பேங்க் மெமோவையும் கிழித்துப் போடாமல், உடனே போலீசில் புகார் கொடுங்கள்.