பிடித்துப் பார்த்தவருக்குத் தோன்றாதா?

"பார்த்த பிறகு எல்லாம் சுலபமாத்தான் தெரியும்." காப்புரிமை வழக்குகளில் தவறாமல் வந்து நிற்கும் வாதம் இது. நியாயமானதும்கூட. ஆனால் அதை வைத்துக்கொண்டு, அறுவைக் கத்தரியின் கைப்பிடியைக் கொஞ்சம் வளைத்ததைக்கூடக் கண்டுபிடிப்பு என்று வாதாடினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

1851-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கைப்பிடி வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட். மரத்திலும் உலோகத்திலும் இருந்த கதவுக் குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்தார்கள். தண்டைப் பொருத்தும் முறை பழசு. இது கைதேர்ந்த தொழிலாளி செய்யும் வேலை, கண்டுபிடிப்பு இல்லை என்றது பெரும்பான்மை. 2007-ல் கேஎஸ்ஆர் வழக்கில், அந்தத் தொழிலாளி சுயபுத்தி இல்லாத இயந்திரமும் அல்ல என்றார்கள்.

அப்படியானால் கைப்பிடி விஷயத்தில் யார் அந்தத் தொழிலாளி? இடதுகைக்காரர் வலதுகைக் கத்தரியைப் பிடித்தால், விரல்களின் அழுத்தமே அலகுகளை விலக்கிவிடும், சரியாக வெட்டாது. திருப்பிச் செய்ய வேண்டும் என்று தோன்ற அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் எதற்கு? ஒரு நாள் அறுவை அரங்கில் நின்றால் போதாதா?

இந்த வாசல் அடைபட்டால் வடிவக் காப்புரிமை என்று இன்னொரு வாசல் இருக்கிறது. எத்திகான் எதிர் கோவிடியன், 2015. மீயொலி அறுவைக் கருவியின் விசை, திருகு, பொத்தான் எல்லாம் பயன்பாட்டுக்கானவை, அலங்காரம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் காப்புரிமைகளைச் செல்லாதாக்கியது. வேறு வடிவங்களும் சாத்தியம்தானே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. (மீறல் மட்டும் இல்லை என்றார்கள்.) வேறு வடிவம் சாத்தியமில்லாத கைப்பிடி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! 'ஏறக்குறைய இதே வடிவம் முன்பே இருந்தது என்று ஒற்றை உதாரணத்தைக் காட்டு' என்ற 1982-ஆம் ஆண்டு விதியை, கார் உதிரிபாக வழக்கு ஒன்றில், 2024-ல்தான் தூக்கி எறிந்தார்கள்.

உண்மையிலேயே யாரும் எதிர்பாராத விசையமைப்பைக் கொண்டுவந்தால் தாராளமாக 20 வருடம் கொடுங்கள். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு காப்புரிமையைச் செல்லாது என்று சொல்பவர்தான் தெளிவான, வலுவான ஆதாரம் காட்ட வேண்டும். 2011-ல் உச்ச நீதிமன்றமே இதை உறுதிசெய்தது. சியால்கோட்டில் கையால் அடித்து இடுக்கி செய்யும் பட்டறைக்காரர் அந்த வக்கீல் பீஸுக்கு எங்கே போவார்? வழக்கே வேண்டாம் என்று அந்த வளைவை விட்டுவிட்டு, பழைய அச்சிலேயே அடுத்த ஆயிரம் இடுக்கிகளையும் செய்து அனுப்புவார்.